உள்ளே போகாத பவுடர்

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "சார் இல்லையா?" என்றுதான். சார் என்று இங்கே யாரும் கிடையாது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், தகரக் கூரை போட்ட அந்த பவுடர் கோட்டிங் பட்டறை என்னுடையது. வாடகை கட்டுவதும் நான், ஸ்ப்ரே கன் பிடித்து அடிப்பதும் நான். இதை விளக்கி விளக்கி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "இல்லை, என்ன வேணும்?" என்று மட்டும் கேட்கிறேன்.

பவுடர் கோட்டிங் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் நிறையப் பேர். உங்கள் வீட்டு ஜன்னல் கிரில், ஆபீஸ் நாற்காலியின் கால், பைக்கின் வீல், இதிலெல்லாம் இருப்பது பிரஷ்ஷால் அடித்த பெயின்ட் இல்லை. மைதா மாவு மாதிரி நைசான, ஈரமே இல்லாத ஒரு பொடி. அதில் பசை கிடையாது. கன்னிலிருந்து வெளியே வரும்போது ஒவ்வொரு துகளுக்கும் மின்னூட்டம் ஏறிவிடும். எதிரே இரும்புச் சாமான் கொக்கியில் தொங்கும். கொக்கி எர்த்தோடு சேர்ந்திருக்கும். பொடி பறந்து போய் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே ஓவனில் வைத்தால் உருகித் தோலாகிவிடும். அவ்வளவுதான் தொழில். பசை செய்ய வேண்டிய வேலையை மின்விசை செய்கிறது.

நான் படித்தது பி.எஸ்சி. இயற்பியல், தாம்பரத்தில்தான். ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும், வேறு மின்னூட்டங்கள் ஈர்க்கும், தூரம் பாதியானால் விசை நாலு மடங்கு. பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒருமுறை, கல்லூரியில் பத்து மதிப்பெண்ணுக்கு ஒருமுறை எழுதியாகிவிட்டது. கண்ணால் பார்த்தது ஒருமுறைகூட இல்லை. கல்லூரி திறக்கும் மாதத்தில்தான் இந்தப் பாடம் வரும். அப்போது நம்மூர்க் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். பேராசிரியர் கண்ணாடிக் கோலைப் பட்டுத்துணியில் தேய் தேய் என்று தேய்த்துக் காகிதத் துணுக்குக்கு மேலே பிடிப்பார். துணுக்கு அசையாது. ஏறிய மின்னூட்டமெல்லாம் ஈரக்காற்றில் வடிந்து போயிருக்கும். அதையாவது சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார். "ஒட்டிக்கிட்டதா வெச்சுக்குங்க" என்பார். நாங்களும் ரெக்கார்டில் 'துணுக்குகள் ஈர்க்கப்படுகின்றன' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். இந்தக் கடலோரத்தில் எத்தனை கல்லூரிகளில் எத்தனை பேர் அப்படி நடக்காததை நடந்ததாக எழுதிப் பாஸ் ஆனார்களோ. நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

முதல்முறை பார்த்தது வேறு ஒருவர் பட்டறையில், வேலை கற்றுக்கொள்ளப் போனபோது. ஒரு குழாயின் முன்பக்கம் மட்டும் அடித்தேன். நிறுத்திவிட்டுத் திருப்பிப் பார்த்தால் முதுகுப் பக்கமும் வெள்ளை. பொடி குழாயைத் தாண்டிப் போகாமல் வளைந்து திரும்பிப் பின்னால் போய் ஒட்டியிருந்தது. யாரும் தள்ளவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன். முதலாளி "இன்னாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார். அப்படித்தான் இருந்தது. மனப்பாடம் செய்த ஒரு வரி எழுந்து நடந்தால் வேறு எப்படி இருக்கும்?

போன வருஷம் அப்பா இறந்தார். ரயில்வேயில் இருந்தவர், தாம்பரம் பணிமனையிலேயே ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றிப் புகழ்ந்து எழுதப் போவதில்லை. பிடிவாதக்காரர். பீரோவைச் சுவரோரம் தள்ளுவதற்கு முன்னால் அதன் முதுகுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று சண்டை போடுவார். "துரு உனுக்கு முன்னாடி வந்து நின்னு சொல்லிட்டா வரும்?" என்று கேட்பார்.

அடக்கம் முடிந்து முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு கல்லறைக்குப் போனோம். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். காற்று. அணைந்தது. மறுபடி ஏற்றினாள், அணைந்தது. பக்கத்துக் கல்லறைகளில் கண்ணாடிக் கூண்டுக்குள் திரி நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் வெறும் மண்மேடு, ஒரு மரச்சிலுவை. அம்மா தீப்பெட்டி காலியாகும் வரை ஏற்றிப் பார்த்தாள். பிறகு சாதாரணமாக, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்:

"எல்லாருக்கும் நிக்குது. உங்கப்பாவுக்கு மட்டும் வெளிச்சம் நிக்க மாட்டேங்குது."

அம்மா அழுதிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அழவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் அதையே சொன்னாள். அவள் அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். எங்கள் மக்கள் எங்கிருந்தாலும் அன்றைக்குக் கல்லறைக்கு வந்துவிடுவார்கள். சுண்ணாம்பு அடித்து, பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருந்தால் பங்குச் சாமியார் வரிசை வரிசையாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அது மழைக் காலம். எங்கள் வரிசைக்குச் சாமியார் வருகிற நேரத்தில் அப்பாவின் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல கூண்டு வேண்டும். நான் செய்கிறேன் என்றேன்.

என் அண்ணன் மேடவாக்கத்தில் அடுக்குமாடியில் இருக்கிறான். ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை. அவன் போனில் ஒரு படம் அனுப்பினான். சோலார் விளக்கு, மெழுகுவர்த்தி மாதிரியே மினுங்குமாம்.

"வெயில்ல சார்ஜ் ஆயிடும். தொல்லையே இல்ல" என்றான்.

"நவம்பர்ல உங்க அபார்ட்மென்ட்ல வெயில் அடிக்குதா?"

"எதுக்கெடுத்தாலும் ஏன் கடிக்கிற?"

அம்மா ஒரே வரியில் முடித்தாள். "பேட்டரி லைட்டு வெச்சு யாருடா செபம் பண்ணுவாங்க?"

அண்ணன் அதை நான் சொல்லிக்கொடுத்து அம்மா சொன்னதாக நினைத்துக்கொண்டான். அதன்பிறகு ஒரு மாதம் எங்களுக்குள் பேச்சில்லை.

கூண்டை வண்டலூர்ப் பக்கம் ஒரு வெல்டரிடம் செய்யச் சொன்னேன். கண்ணாடி வேண்டாம் என்றுவிட்டேன். கண்ணாடி உடையும், இல்லாவிட்டால் திருடு போகும். கனமான இரும்புத் தகடு, மேலே வீட்டுக் கூரை மாதிரிச் சரிவு, புகை போகக் கூரைக்கு அடியில் கீற்றாக ஒரு திறப்பு, முன்னால் சின்னக் கதவு, அதிலும் கீற்றுகள். காற்று உள்ளே வந்தாலும் திரியை அடிக்காதபடி நல்ல ஆழம். வேலை சுத்தமாக இருந்தது. மழையால் அவர் தாமதம் செய்ததில், கையில் கிடைத்தது திருநாளுக்கு முந்தின நாள் காலை.

கழுவி, துரு எடுத்து, காயவைத்துத் தொங்கவிட்டோம். பட்டறையில் எனக்கு உதவியாக ஒருவர் இருக்கிறார். என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் முதலாளி என்பதால் என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணே என்பேன். ஒருவருக்கொருவர் வயதை ஏற்றிவிட்டுக்கொண்டு வருஷக்கணக்காக ஓட்டுகிறோம்.

வெளிப்பக்கம் அருமையாகப் பிடித்தது. கதவைத் திறந்து உள்ளே அடித்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்சுவரெல்லாம் இரும்பின் நிறம். வாசல் விளிம்பில் மட்டும் பொடி தடியாக மீசை மாதிரி படிந்திருந்தது.

"கொக்கியில பழைய கோட்டிங் ஏறிக் கெடக்கும். சுரண்டினீங்களா?" என்று அவரைக் கேட்டேன். கொக்கியில் பழைய பூச்சு இருந்தால் எர்த் கிடைக்காது. எர்த் இல்லாவிட்டால் பொடிக்குப் பிடிப்பு இல்லை.

"காலைலயே சொரண்டிட்டேன்க்கா. நீ வேணா நக்கிப் பாரு."

"பேச்சப் பாரு."

"பின்ன இன்னாக்கா, வெளிய மட்டும் எர்த்து கீது, உள்ள இல்லன்னா அது இன்னா எர்த்து?"

அவர் கேட்டது சரிதான். ஒரே இரும்பு. கம்ப்ரசர் காற்றால் பொடி முழுவதையும் ஊதித் தள்ளினேன். சுடாத வரை பொடி ஊதினால் போய்விடும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆரம்பத்திலிருந்து தொடங்கலாம். இந்தத் தடவை கன்னை வாசலுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனேன். தூரம் குறைந்தால் விசை கூடும், படித்தவள் அல்லவா. விசை கூடத்தான் செய்தது. ஆனால் எனக்கு அருகில் இருந்தது உள்சுவர் இல்லை, வாசல் விளிம்பு. கூடின விசை முழுவதையும் விளிம்பே எடுத்துக்கொண்டது. உள்ளே ஒரு பொட்டுக்கூடப் போகவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் செய்வதையே செய்தேன். வோல்டேஜைக் கடைசிவரை ஏற்றினேன். விளிம்பில் பட்டென்று ஒரு பொறி. ஏற்கனவே ஒட்டியிருந்த பொடி, புதிதாக வரும் பொடியைத் தள்ள ஆரம்பித்தது. இரண்டும் ஒரே மின்னூட்டம், தள்ளாமல் என்ன செய்யும். படிந்திருந்த பொடியும் குழி குழியாக ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி ஆகிவிட்டது. நான் அடிக்க அடிக்கப் பொடி திரும்பி என் முகத்துக்கே வந்தது. மாஸ்க் இருந்ததால் பிழைத்தேன். கண்ணிமையெல்லாம் வெள்ளை.

இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா, கோபத்தைக் குறைத்தால்தான் காரியம் நடக்கும் என்று யாராவது பாடம் எடுக்க வருவார்கள். வரவேண்டாம். பொடிக்கு என் குணம் தெரியாது. சாந்தமான ஆள் அடித்திருந்தாலும் உள்ளே போயிருக்காது. மூடிய கடத்திக்குள் மின்புலம் இல்லை. அதையும் எழுதித்தான் பாஸ் ஆனேன். இடியில் காருக்குள் உட்கார்ந்திருப்பவன் பிழைக்கிற காரணமும், என் அப்பாவின் கூண்டுக்குள் பொடி போகாத காரணமும் ஒன்றுதான். எங்கள் கூண்டு முழுக்க மூடியதில்லை, ஒரு வாய் இருந்தது. அந்த வாய்க்குப் பக்கத்தில் கொஞ்சம் நுழையும், அதற்கு மேல் இல்லை. ஆழமான பெட்டியை ஏன் ஒத்துக்கொள்வதில்லை என்று வாடிக்கையாளர்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். வெல்டரிடம் நல்ல ஆழமாகச் செய்யுங்கள் என்று சொன்னபோது எனக்குத் திரியும் காற்றும்தான் ஞாபகத்தில் இருந்தன. என் தொழில் ஞாபகத்தில் இல்லை.

"பிரஷ்ல ஒரு இழு இழுத்துட்டாப் போதும்க்கா. உள்ள யாரு எட்டிப் பாக்கப் போறாங்க?" என்றார் உதவிக்கு இருப்பவர்.

"மெழுகுவத்திச் சூட்டுல எனாமல் கொப்புளிச்சுக்கும். நாத்தம் வேற அடிக்கும்."

"அப்ப உள்ள வெறும் இரும்பா வுட்டுடு."

"விட்டா அடுத்த மழைக்கே துரு. அடுத்த வருஷம் அடி இத்துப் போயிடும்."

உண்மையான காரணம் அது மட்டுமில்லை. மறைவான பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டால் திட்டுகிற மனிதரின் கல்லறைக்கு, உள்ளே வெறும் தகடாக ஒரு கூண்டைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் மழை பிடித்தது. அந்த மழையில் அண்ணன் வந்தான். அம்மாதான் அனுப்பியிருந்தாள், கூண்டைக் காரில் எடுத்துப்போய் இன்றைக்கே கல்லறை மேட்டில் பதித்துவிடலாம் என்று. வாசலில் நின்று குடையை உதறினான்.

"இன்னும் முடியலையா?"

"பாத்தா தெரியல?"

உள்ளே வந்து குனிந்து பார்த்தான். "உள்ள அடிக்கவே இல்லையே."

"அடிச்சேன். போகல."

"ஏன் போகாது?" என்றவன், நான் வாயைத் திறப்பதற்குள் தானே சொன்னான். "ஓ. கண்டக்டருக்கு உள்ள ஃபீல்டு இருக்காதுல்ல."

"பிசிக்ஸ்ல சென்டம் வாங்குன வாய்."

"மூஞ்சியத் தொடைடி. நாடகத்துல வர்ற ஆவி மாதிரி இருக்க."

உதவிக்கு இருப்பவர் சிரித்தார். நான் முறைத்ததும் கொக்கி சுரண்டப் போய்விட்டார், சுரண்டின கொக்கியையே.

அண்ணன் ஒரு பவுடர் பெட்டியின்மேல் உட்கார்ந்தான். அவனிடமும் அம்மா அதே வரியைச் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நேத்துகூடச் சொன்னாங்க. அப்பாவுக்கு மட்டும் நிக்கலன்னு. நாளைக்கும் அணைஞ்சிடுச்சுன்னா அம்மா அப்படியே முடிவு பண்ணிடுவாங்கடி."

"தெரியும்."

"ஃபீல்டு போகாட்டி என்ன, காத்து உள்ள போகுதுல்ல? காத்தோட பவுடரும் போகும்ல?"

"போகும். போயிட்டுக் கீழ கொட்டும். எது பிடிச்சு வெச்சுக்கும்?"

"இரும்பு சூடா இருந்தா? பட்ட எடத்துலயே உருகிடாதா?"

எனக்குத் தெரியாத விஷயமில்லை அது. சாமானை முதலில் ஓவனில் சுட வைத்து, வெளியே எடுத்து, வோல்டேஜை அணைத்துவிட்டுக் காற்றால் மட்டும் பொடியை ஊதினால் பட்ட இடத்தில் உருகி ஒட்டும். எர்த் சரியில்லாத பட்டறைகளில் அப்படி ஏமாற்றுவார்கள். ஒரு இடத்தில் மொத்தையாக, ஒரு இடத்தில் மெலிசாக, வடிந்து வடிந்து, பார்க்கவே கேவலமாக இருக்கும். என் பட்டறையில் அது கிடையாது என்பது என் பெருமை. மின்விசையால் ஒட்டும்போது பொடி தன்னைத்தானே சமமாகப் பரப்பிக்கொள்ளும். ஓரிடத்தில் தடித்தால் அங்கே வருவதை அதுவே தள்ளிவிடும், மெலிந்த இடத்துக்குப் போகும். அந்த ஒழுங்குக்காகத்தான் எனக்கு இந்தத் தொழில் பிடிக்கும். அதைவிட்டுவிட்டுக் கூழ் ஊற்றுகிற மாதிரி ஊற்றச் சொல்கிறான்.

"அசிங்கமா இருக்கும்" என்றேன்.

"மூடியிருக்குமா?"

"மூடியிருக்கும்."

"அப்புறம் என்ன?"

அவன் சொல்லிச் செய்ய வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. பொடியை ஊதித் தள்ளிவிட்டுக் கூண்டை ஓவனில் வைத்தேன். அண்ணன் டீ வாங்கி வந்தான். மூவரும் ஓவன் பக்கத்தில் நின்று குடித்தோம். நானும் அவனும் சோலார் விளக்கைப் பற்றிப் பேசவில்லை. மேடவாக்கத்தில் மழை நாளிலும் தண்ணி லாரிக்குக் காத்திருக்கிற கொடுமையைப் பற்றி அவன் சொன்னான். "மாடிமேல மழை, குழாயில காத்து" என்றான்.

கூண்டை வெளியே எடுத்ததும் கன்னில் வோல்டேஜைச் சுழியத்துக்குத் திருப்பினேன். கை அந்தத் திருகைத் திருப்ப மறுத்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். உள்ளே ஊதினேன். தூசு மாதிரி போன பொடி சுவரில் பட்டவுடன் பளபளத்தது. ஈர்ப்பும் இல்லை, விலக்கலும் இல்லை, வெறும் சூடு. மூலையெல்லாம் வெள்ளையானது. அடியில் ஒரு பக்கம் திரண்டு, கஞ்சி ஆடை மாதிரி மடிந்தது. ஆறிய பிறகு வெளிப்பக்கத்தை என் வழியில், மின்விசையில் அடித்துச் சுட்டெடுத்தேன். வெளியே கண்ணாடி. உள்ளே கூழ்.

"எங்க பட்டறைலதான் செஞ்சதுன்னு வெளிய சொல்லிடாத" என்றேன் அண்ணனிடம்.

அன்று மாலையே அவனும் உதவிக்கு இருப்பவரும் நனைந்துகொண்டே போய் மேட்டில் பதித்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் கல்லறையில் நல்ல கூட்டம். வானம் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளங்கையில் ஒரு தீப்பெட்டி, பையில் இன்னும் இரண்டு. பழக்கம். கூண்டுக்குள் மெழுகுவர்த்தியை நட்டு, ஏற்றி, கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். காற்று வந்தது. கீற்று வழியாகப் பார்த்தோம். திரி சாய்ந்தது, நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. அண்ணன் குடையைக் கூண்டுக்கு மேலே பிடித்தான். "எடுடா, அதுவா நிக்கட்டும்" என்றாள் அம்மா.

சாமியார் இரண்டு வரிசை தள்ளி இருக்கும்போது தூறல் பலத்தது. சுற்றிலும் வெளியே வைத்திருந்த மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கண்ணாடிக் கூண்டுகள் சிலவற்றுக்குள்ளும் சாரல் புகுந்தது. எங்களுடையது எரிந்துகொண்டிருந்தது. அம்மா தீப்பெட்டியைப் பைக்குள் போட்டாள்.

பக்கத்து மேட்டில் ஒரு குடும்பம். புதிதாக அடக்கம் செய்திருந்தார்கள் போல, மண் இன்னும் சரியாக அமரவில்லை. ஒரு பெண் கையில் அணைந்துபோன மெழுகுவர்த்தியோடு நின்றாள். அவள் தீக்குச்சி ஈரத்தில் பிசுபிசுத்தது. எங்கள் கூண்டைப் பார்த்தாள், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"இங்க வாம்மா. உள்ள எடம் கீது, வை" என்றாள் அம்மா.

அந்தப் பெண் தயங்கிக்கொண்டே வந்து, அப்பாவின் மெழுகுவர்த்தியில் தன்னுடையதைக் கொளுத்தி ஓரமாக வைத்தாள். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். மூன்றாவதாக ஒரு பெரியவர் கட்டை மெழுகுவர்த்தியோடு வந்து, "அம்மா, எனுக்கும் ஒரு எடம்" என்றார். கதவு திறந்து திறந்து மூடியது. மெழுகு என் பூச்சின்மேல் வழிந்தது. நாலு திரியின் புகையில் நான் அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய வெள்ளை கண்ணெதிரிலேயே கறுத்தது.

"உள்ள பூரா கரியாப் போச்சேடி" என்றாள் அம்மா.

"போகட்டும்."

"நேத்து பூரா அதுக்குத்தானே சண்டை போட்ட?"

"யார் சொன்னது?"

அண்ணன் வேறு பக்கம் பார்த்தான்.

சாமியார் எங்கள் வரிசைக்கு வந்தார். கூண்டுக்குள் நாலு சுடர். எந்த மேட்டுக்கு எது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தீர்த்தம் தெளித்துச் செபம் சொல்லி முடித்தார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினாள்.

"போலாமா?" என்றேன். அதுவரை நாங்கள் கல்லறைக்கு வந்த நாட்களில், அம்மாவைக் கிளப்புவதற்கு ஒரு பெரிய போராட்டமே நடக்கும்.

"போலாம்" என்றாள். "அவங்க மூணு பேரும் நிக்கிறாங்கல்ல, பாத்துப்பாங்க."

முன்னால் நடந்தாள். நாங்கள் இருவரும் ஒரே குடைக்குள் பின்னால் போனோம்.